கழுவித் துடைத்த வீடு

அந்த வீட்டுக்குள் போனதும் இன்ஸ்பெக்டரின் மூக்கில் ஏறியது ஃபினாயில் வாசனைதான். கொலை நடந்த வீடு என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். தரை பளபளவென்று இருந்தது. பாத்திரங்கள் எல்லாம் கழுவி வரிசையாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. ஜன்னல் திரைகூட மடிப்பு கலையாமல் தொங்கியது. யாரோ பெரிய மனிதர் வந்து தங்கப் போகிற வீடு மாதிரி இருந்தது.

"என் சர்வீஸ்ல இவ்ளோ சுத்தமான ஸ்பாட்டை நான் பாத்ததில்ல மேடம்" என்றார் ஜீப் டிரைவர். "செருப்பைக் கழட்டிட்டு வரலாமான்னு தோணுது."

"கழட்டிட்டே வாங்கண்ணே. கெட்டுப்போக இனிமே என்ன இருக்கு?" என்றார் இன்ஸ்பெக்டர்.

நடந்தது இதுதான். ஊர் முடிந்து போகிற இடத்தில், ஒரே கான்ட்ராக்டர் ஒரே மாதிரி கட்டி விற்ற வீடுகள் உள்ள முட்டுத் தெரு அது. கேட்டுகூட எல்லா வீட்டுக்கும் ஒரே பச்சை. அதில் நடு வீட்டில் தனியாக இருந்தவர் ஓய்வு பெற்ற நர்ஸ். தெருவே அவரை சிஸ்டர் என்றுதான் கூப்பிடும். யாருக்கு பிரஷர் பார்க்க வேண்டும், யாருக்கு ஊசி போட வேண்டும், எந்தக் குழந்தை எங்கே விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டது என்றாலும் சிஸ்டர் வீட்டு கேட் திறக்கும் சத்தம்தான் முதலில் கேட்கும். திட்டுவார், ஆனால் பார்ப்பார்.

போன வாரம் ஒரு நாள் முற்பகல், எதிர்வீட்டு டைலர் அக்கா தைத்த துணியைக் கொடுக்கப் போனவர், சிஸ்டர் சமையலறைத் தரையில் கிடப்பதைப் பார்த்து வாசலுக்கு ஓடி வந்து கத்தினார். தெருமுனைக் கடைக்காரர் ஓடி வந்தார். இரண்டு பேருமாகத் தூக்கி, கடைக்கு சரக்கு ஏற்றுகிற வேனிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். போகிற வழியிலேயே மூச்சு நின்றுவிட்டது.

சமையலறைக் குழாய் பல நாளாக ஒழுகிக்கொண்டிருந்தது எல்லோருக்கும் தெரியும். ஈரத்தில் வழுக்கி விழுந்து மண்டை உடைந்துவிட்டது என்று தெரு முடிவு கட்டிவிட்டது. முடிவு கட்டியதும் அதற்குத் தெரிந்த நல்ல காரியத்தைச் செய்தது. நாலு பேர் வந்து உட்காருகிற இடம் இப்படியா கிடப்பது என்று சொல்லி, ஆளுக்கொரு வேலையாகப் பங்கு போட்டுக்கொண்டு, வீட்டைக் கழுவித் துடைத்துவிட்டார்கள். டைலர் அக்கா அழுதுகொண்டே மூன்று வாளித் தண்ணீர் ஊற்றினார்.

சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் வந்தது. விழுந்த அடி இல்லை. பின்னாலிருந்து கனமான ஏதோ ஒன்றால், ஒரு தடவைக்கு இரண்டு தடவையாக யாரோ அடித்திருக்கிறார்கள்.

அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. ரத்தம் சாக்கடையில் போய்விட்டது. கைரேகை துணியோடு போய்விட்டது. தெருவே சேர்ந்து துடைத்ததில் துடைக்காமல் விட்டுப்போன இடம் ஒன்றே ஒன்றுதான், பாத்திரம் கழுவுகிற தொட்டிக்கு அடியில் இருந்த வளைவுக் குழாய். அதில் கிடைத்த ரேகை பிளம்பருடையது.

பிளம்பர் அன்று காலை குழாயைச் சரிசெய்ய வந்தவன். டூல் பேக்கை அங்கேயே விட்டுவிட்டு பைக்கில் பறந்ததை டைலர் அக்காவே பார்த்திருக்கிறார். பையில் பெரிய ஸ்பேனர் இருந்தது. ஏதோ பழைய அடிதடி கேஸ் ஒன்றும் அவன் பேரில் உண்டு. போதாதா? உள்ளே உட்கார வைத்துவிட்டார்கள்.

"வாஷர் வாங்கப் போனேன் மேடம்" என்று அவன் சொன்னதையே சொன்னான். "வழியில வேற ஒரு வீட்ல பைப் ஒடைஞ்சு தண்ணி பீச்சி அடிக்குதுன்னு கையைப் புடிச்சு இழுத்துட்டுப் போயிட்டாங்க. அவங்க வீட்டுச் சாமானை வச்சே முடிச்சுட்டு, சாயங்காலம் திரும்பி வந்தா தெரு பூரா கூட்டம். பையை எடுக்கலாம்னு உள்ள போனேன். என்னையே எடுத்துட்டீங்க."

தண்ணீர் பீச்சி அடித்த வீட்டில் கேட்டால், வந்தான் என்று சொன்னார்கள். எப்போது வந்தான் என்று கேட்டால், தண்ணீரைப் பார்த்தோமா கடிகாரத்தைப் பார்த்தோமா என்றார்கள்.

பிளம்பரின் மனைவி ஸ்டேஷனுக்கு எதிரில் மர நிழலில் ஒரு தண்ணீர் பாட்டிலோடு உட்கார்ந்திருந்தாள். அழவில்லை, சண்டை போடவில்லை, காலில் விழவில்லை. இன்ஸ்பெக்டர் வெளியே வரும்போதெல்லாம் எழுந்து நிற்பாள். அவர் ஜீப்பில் ஏறியதும் உட்கார்ந்துகொள்வாள். அப்படி எழுந்து நிற்பதுதான் இன்ஸ்பெக்டருக்குத் தாங்கவில்லை. பின்பக்கமாக ஒரு வழி இருந்தால் அதில் போயிருப்பார்.

அன்றும் ஜீப்பில் வரும்போதே மேலதிகாரி போனில் பிடித்துக்கொண்டார்.

"இன்னும் அந்த வீட்டுல என்னம்மா தேடறீங்க? கூட்டிப் பெருக்கின வீடு. நாளைக்குக் குற்றப்பத்திரிகை என் டேபிள்ல இருக்கணும்."

"ஸ்பேனர்ல ஒண்ணும் இல்ல சார். வெறும் துரு."

"கழுவியிருப்பான்."

"ரத்தம் போகத் தேய்ச்சுக் கழுவினா துரு மட்டும் எப்படி சார் இருக்கும்?"

"எனக்கு எதிர்க்கேள்வி வேண்டாம்மா. அந்தத் தெருவே அவன்தான்னு சொல்லுது. உங்களுக்கு மட்டும் என்ன?"

தனக்கு மட்டும் என்ன என்று இன்ஸ்பெக்டருக்கே தெரியவில்லை. களைப்பு என்று சொல்லலாம். வீட்டில் மாமியார் படுத்த படுக்கையாகி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. இன்ஸ்பெக்டரும் கணவரும் முறை வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள். புரண்டு படுக்க முடியாத உடம்பை ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை இவர்கள்தான் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இல்லாவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். முழுசாகத் தூங்குவது என்பது அந்த வீட்டில் வழக்கொழிந்து போன விஷயம். துண்டு துண்டாகத்தான் தூக்கம். முறை யாருடையது என்பதில்தான் புருஷன் பெண்டாட்டி சண்டையே. வேறு எதற்கும் சண்டை போட நேரமில்லை.

அதனால்தானோ என்னவோ, இந்தத் தெருவில் விசாரித்த அத்தனை பேரிலும் சிஸ்டரின் பக்கத்து வீட்டு மாஸ்டர்தான் அவர் மனதில் நின்றார். ஐம்பதைத் தாண்டிய ஆள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. முன்னறையில் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன். உள்ளறையில் படுக்கையில் அம்மா. ரெண்டு நாள் முன்னால் வாக்குமூலம் எழுதிக்கொண்டிருந்தபோது நடுவில் எழுந்துவிட்டார்.

"ஒரு நிமிஷம் மேடம். அம்மாவைத் திருப்பணும்."

இன்ஸ்பெக்டரும் யோசிக்காமல் பின்னாலேயே போனார். கை தானாகப் போய் அந்தப் பக்கம் போர்வையைப் பிடித்தது. ஒன்று, ரெண்டு, மூன்று என்று சொல்லி இருவருமாகப் புரட்டினார்கள். மாஸ்டர் ஒரு போர்வையைச் சுருட்டி அம்மாவின் முதுகுக்கு முட்டுக் கொடுத்தார். மேல்காலை மடக்கி, முட்டிகளுக்கு நடுவில் ஒரு தலையணையைச் செருகினார். எலும்போடு எலும்பு உரசாமல் இருக்க அப்படி வைப்பார்கள். இன்ஸ்பெக்டர் வீட்டிலும் அதேதான். அந்த அம்மாவின் இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் காலுறையை ஏற்றி விட்டிருந்தது.

"கைல எதுக்கு சாக்ஸ்?"

"மூக்கு வழியா பால் குடுக்கற டியூபைப் பிடுங்கிடறாங்க மேடம். ஒவ்வொரு தடவையும் சிஸ்டர் வந்துதான் திரும்பப் போடணும். திட்டிட்டே போடுவாங்க." முட்டுக் கொடுத்த போர்வையைச் சரிசெய்தார். "இந்தத் திருப்பற வேலை எல்லாம் அவங்க சொல்லிக் குடுத்ததுதான்."

"எங்க வீட்லயும் மாமியார்" என்றார் இன்ஸ்பெக்டர். "தூங்கறீங்களா மாஸ்டர்?"

"தூக்கமா? அவரைப் பாத்து ரொம்ப நாளாச்சே. உங்க வீட்டுப் பக்கம் வந்தா நான் கேட்டதா சொல்லுங்க."

அந்த வாரத்தில் இன்ஸ்பெக்டர் வாய்விட்டுச் சிரித்தது அப்போது ஒரு தடவைதான்.

இன்று கடைசியாக ஒரு முயற்சி. தெருவில் அன்று வீட்டைச் சுத்தம் செய்தவர்களை எல்லாம் இன்ஸ்பெக்டர் திரும்ப வரச் சொல்லியிருந்தார். டைலர் அக்கா வந்தார். கடைக்காரர் கடையை மனைவியிடம் விட்டுவிட்டு வந்தார். மூலை வீட்டு மருமகள், மாமியாரிடம் அனுமதி வாங்கி வர நேரமாகிவிட்டது என்று மூச்சிரைக்க வந்தாள்.

"நீங்க அன்னைக்கு சுத்தம் பண்ணினீங்க இல்ல? அதை அப்படியே ரிவர்ஸ்ல பண்ணணும்" என்றார் இன்ஸ்பெக்டர். "எதை எங்கேர்ந்து எடுத்தீங்களோ அங்க கொண்டுபோய் வையுங்க. வீடு முன்னாடி எப்படிக் கிடந்துச்சோ அப்படி எனக்கு வேணும்."

"அழுக்காக்கணுமா?" என்றார் டைலர் அக்கா, நம்பாமல்.

"ஆமா."

"வீட்டைச் சுத்தம் பண்ணச் சொல்லித்தான் எல்லாரும் என் உயிரை எடுப்பாங்க. கவர்மென்ட் ஒண்ணுதான் அழுக்காக்கச் சொல்லுது" என்றாள் மூலை வீட்டு மருமகள்.

"அக்காவுக்கு அது கைவந்த கலை மேடம்" என்று கடைக்காரர் டைலரைக் காட்டினார். "அவங்க வீட்டுக்குள்ள போய்ப் பாருங்க, நூலு எது, சோறு எதுன்னு தெரியாது."

"நீ பேசாத. உன் கடை அரிசில பொறுக்கின கல்லை வச்சு இன்னொரு மாடி கட்டியிருப்பேன் நான்."

பேச்சு பேச்சாக இருந்தாலும் வேலையை ஒழுங்காகத்தான் செய்தார்கள். மருமகள் கவிழ்த்து வைத்த பாத்திரங்களைத் திரும்பத் தொட்டியில் போட்டாள். கடைக்காரர் நாற்காலியைச் சாய்த்து வைத்தார். வேண்டாம் என்று தலையாட்டி, நிமிர்த்தி, கொஞ்சம் தள்ளி வைத்தார். துடைத்ததை நினைவிலிருந்து அழுக்காக்குவது லேசில்லை. ஒருவர் வைத்ததை இன்னொருவர் மாற்றினார். இன்ஸ்பெக்டர் சுவரில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். குழாய் சொட்டிக்கொண்டே இருந்தது. கால் வீங்கி ஷூவுக்குள் இறுகியது.

மருமகள் கதவுக்குப் பின்னாலிருந்து இஸ்திரி போடுகிற மடக்கு மேசையை எடுத்து, விரித்து, சமையலறை வாசலை ஒட்டி வைத்தாள்.

"இது இங்க விரிச்சே இருந்துச்சு. வழில இடிக்குதேன்னு மடக்கி வச்சேன்."

"இஸ்திரிப்பெட்டி?"

"பெட்டி இல்ல மேடம்."

"மேசை விரிச்சிருக்கு. பெட்டி இல்லையா?"

"ரிப்பேருக்குக் குடுத்திருப்பாங்கன்னு நெனச்சேன். பழைய பெட்டி. தூக்கினா தோள்பட்டை எறங்கிடும், அவ்ளோ கனம்."

இன்ஸ்பெக்டர் சுவரை விட்டு நிமிர்ந்தார்.

"இந்தத் தெருவுல யார்கிட்டயாவது ரிப்பேருக்கு வந்துச்சா?"

இல்லை என்று மூன்று பேரும் தலையாட்டினார்கள். பிளம்பர் பிடிபட்டபோது அவனிடம் இஸ்திரிப்பெட்டி எதுவும் இல்லை. பைக்கில் அதை ஒளித்து வைக்க இடமும் இல்லை.

"சரி, சிஸ்டர் எங்க கிடந்தாங்க? அண்ணே, நீங்க படுங்க."

டிரைவர் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு முழங்காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். "ரொம்ப நாளுக்கு அப்புறம் டூட்டி டைம்ல படுக்கிறேன். மேலிடத்துக்கு யாரும் போட்டுக் குடுத்துடாதீங்க" என்றபடி மல்லாந்து படுத்தார்.

"மல்லாக்க இல்லண்ணே" என்றார் டைலர் அக்கா. "ஒருக்களிச்சு. இந்தப் பக்கம் பாத்து. ம். காலை மடக்குங்க. மேல் காலை இன்னும் கொஞ்சம்." தள்ளி நின்று, துணி அளவு பார்க்கிற மாதிரி கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "இன்னும் ஏதோ கொறையுதே. ஆங், தலகாணி."

"தலைக்கா?"

"இல்ல மேடம். ரெண்டு முட்டிக்கும் நடுவுல."

இன்ஸ்பெக்டர் குனிந்து டிரைவரின் முட்டிகளைப் பார்த்தார்.

"முதுகுக்கும் முட்டுக் குடுத்திருந்துச்சு" என்றார் கடைக்காரர். "ஒரு போர்வை. சுருட்டி வச்சிருந்துச்சு. தூக்கறப்ப நான்தான் அதை எடுத்து அந்தாண்ட போட்டேன்."

"இதை ஏன் என்கிட்ட யாரும் சொல்லல?"

"இதுல சொல்ல என்ன இருக்கு மேடம்? அக்கா அவசரத்துல வச்சுருக்காங்க."

டைலர் அக்கா திரும்பினார். "நானா? நான் எங்க வச்சேன்? வாசப்படியிலேர்ந்து காலைப் பாத்தேன், ரத்தத்தைப் பாத்தேன், தெருவுக்கு ஓடிட்டேன். உள்ள மொதல்ல போனது நீ. நீதான வச்ச?"

"நான் போறப்பவே இருந்துச்சேக்கா!"

"நீ வச்சேன்னுதான் நான் இத்தனை நாளா நெனச்சிட்டிருக்கேன். பரவால்ல, இவனுக்கும் கொஞ்சம் ஈரம் இருக்குன்னு என் வீட்டுக்காரர்கிட்டகூடச் சொன்னேன்."

"நான் அதையே உங்களைப் பத்தி என் வீட்ல சொன்னேன்" என்றார் கடைக்காரர். குரல் இறங்கிவிட்டது.

"அந்தத் தலகாணி உறையைத் தோய்ச்சது நான்தான்" என்றாள் மருமகள் மெதுவாக. "உள்ள கட்டில்லேர்ந்து யாரோ எடுத்துட்டு வந்திருப்பாங்கன்னு... காயப்போட்டு, மடிச்சு, திரும்பக் கட்டில் மேலயே வச்சுட்டேன்."

"நான் எந்திரிக்கலாமா மேடம்?" என்றார் டிரைவர் தரையிலிருந்து. 

கடைக்காரர் இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினார். "பிளம்பரே அடிச்சுட்டு, அப்புறம் பாவம்னு வச்சிருப்பானோ?"

இன்ஸ்பெக்டர் வெளியே வந்து வாசல்படியில் உட்கார்ந்தார். பாவம் என்று நினைக்கிறவன் தலைக்குக் கீழே ஏதாவது வைப்பான். துணியால் மூடுவான். தண்ணீர் கொடுத்துப் பார்ப்பான். முட்டிக்கு நடுவில் தலையணை வைக்க யாருக்குத் தோன்றும்? தனக்குத் தோன்றும். தன் கணவருக்குத் தோன்றும். தினம் அதையே செய்து செய்து, தூக்கக் கலக்கத்தில்கூடக் கை தானாகச் செய்கிற ஆளுக்குத்தான் தோன்றும்.

பக்கத்து வீட்டு ஜன்னல் வழியாகப் பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பிக்கிற சத்தம் கேட்டது. பதினாலாம் வாய்ப்பாடு. நடுவில் ஒருத்தன் தப்பாகச் சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். மாஸ்டரின் குரல் அவனை மட்டும் திரும்பச் சொல்ல வைத்தது. கோபமே இல்லாத குரல்.

பேசாமல் ஜீப்பில் ஏறிப் போய்விடலாம் என்று இன்ஸ்பெக்டருக்கு ஒரு நிமிஷம் தோன்றியது. நாளைக்குக் காகிதம் மேசைக்குப் போய்விடும். மேலதிகாரி சந்தோஷப்படுவார். தெருவும் சந்தோஷப்படும். பக்கத்து வீட்டில் ஒரு கிழவி ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஒழுங்காகப் புரட்டப்படுவாள். ஸ்டேஷனுக்கு எதிரில் ஒருத்தி மட்டும் எழுந்து எழுந்து நிற்பாள். அதையும் நாலு நாளில் விட்டுவிடுவாள்.

இல்லை, அவள் விடமாட்டாள் என்று தெரிந்தது. இன்ஸ்பெக்டர் படியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

மாஸ்டர் அவரை வாசலில் பார்த்ததும் கரும்பலகைப் பக்கம் திரும்பி, எழுதிக்கொண்டிருந்த கணக்கை முடித்துவிட்டுத்தான் சாக்பீஸைக் கீழே வைத்தார். "இன்னைக்கு இது போதும், போங்க. போறப்ப ரோட்டைப் பாத்துப் போங்க" என்றார். பிள்ளைகள் எதற்கு ஏன் என்று கேட்காமல் பறந்துவிட்டன.

"உக்காருங்க மேடம். டீ போடட்டுமா?"

"வேணாம் மாஸ்டர். சிஸ்டரோட முட்டிக்கு நடுவுல யார் தலகாணி வச்சது?"

மாஸ்டர் கையில் ஒட்டியிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டினார். ரொம்ப நேரம் தட்டினார். அப்புறம் உட்கார்ந்தார்.

"நான் வச்சேனா?" என்றார். இன்ஸ்பெக்டரைக் கேட்கிற மாதிரி இல்லை. "ஒருக்களிச்சுப் படுக்க வச்சது ஞாபகம் இருக்கு. மல்லாந்து இருந்தா, வாந்தி வந்துச்சுன்னா மூச்சு அடைச்சுடும். அவங்கதான் சொல்லிக் குடுத்தாங்க. தலகாணி ஞாபகம் இல்ல. வச்சிருப்பேன்."

"ஏன் மாஸ்டர்?"

அவர் உள்ளறைப் பக்கம் பார்த்தார்.

"டியூஷன் நேரத்துல அம்மா கையைக் கட்டி வச்சுடுவேன் மேடம். துணியாலதான். டியூபைப் பிடுங்கிடறாங்க. நான் ஒருத்தன். முன்னாடி பிள்ளைங்க, பின்னாடி இவங்க. அன்னைக்குக் காலைல சிஸ்டர் வந்து சாக்ஸை எறக்கிப் பாத்துட்டாங்க. தோல் உரிஞ்சிருந்துச்சு. ஒண்ணும் பேசாம போயிட்டாங்க. திட்டியிருந்தா பரவால்ல. திட்டல."

"அவங்க வீட்டுக்கு எதுக்குப் போனீங்க?"

"கெஞ்சப் போனேன். இஸ்திரி போட்டுட்டு இருந்தாங்க. பெட்டியை ஆஃப் பண்ணி வச்சுட்டு, 'நான் முடிவு பண்ணிட்டேன் தம்பி. உங்க அக்காவுக்குப் போன் பண்ணப் போறேன். அம்மாவை ஹோம்ல சேத்துடுங்க, உன்னால முடியல'ன்னு சொன்னாங்க. முடியலன்னு என்கிட்ட யாரும் சொன்னதில்ல மேடம். அத்தனை வருஷமும் ஒண்ணுமில்லாம போச்சுன்னு... அவங்க போனை எடுக்கத் திரும்பினாங்க. அதுக்கப்புறம் பெட்டி என் கையில இருந்துச்சு."

அவர் அழவில்லை. அழக்கூடத் தெம்பு இல்லாத முகமாக இருந்தது.

"உடனே ஆள் கூப்பிட்டிருக்கலாமே."

"மூச்சு இருந்துச்சு. கூப்பிடத்தான் வெளிய வந்தேன். பெட்டியையும் எதுக்குக் கையோட எடுத்துட்டு வந்தேன்னு தெரியல. இங்க அம்மா டியூபைப் பிடுங்கி, பாலெல்லாம் கொட்டி, இருமிக்கிட்டு கிடந்தாங்க. அவங்களைப் பாத்தேன். பாத்து முடிக்கறதுக்குள்ள டைலரக்கா சத்தம் கேட்டுச்சு. பிளம்பர் தம்பியைப் புடிச்சப்ப சொல்லியிருக்கணும். தினமும் நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு... சொன்னா அம்மாவை யார் திருப்பறது?"

இஸ்திரிப்பெட்டி அம்மாவின் கட்டிலுக்கு அடியில், பழைய துணிகளுக்குள் சுற்றி வைத்திருந்தது. மாஸ்டரே எடுத்துக் கொடுக்கப் போனார். தொடவேண்டாம் என்று தடுத்து, டிரைவரைக் கூப்பிட்டார் இன்ஸ்பெக்டர்.

போன் பண்ணியதும் மேலதிகாரி "தலகாணியா?" என்றார். இன்னொரு தடவை, "தலகாணியாம்மா?" என்றார். கடைசியில் ஆஸ்பத்திரி வண்டிக்கு அவரே ஏற்பாடு செய்தார்.

வண்டி வருவதற்குள் நேரமாகிவிட்டது. "நேரமாச்சு மேடம், ஒரு தடவை திருப்பிடலாம்" என்றார் மாஸ்டர். இருவருமாகப் போர்வையைப் பிடித்தார்கள். ஒன்று, ரெண்டு, மூன்று. இந்த முறை காலுறை சற்று இறங்கியிருந்தது. மணிக்கட்டைச் சுற்றிச் சிவப்பாக ஒரு வளையம். இன்ஸ்பெக்டர் அதைப் பார்த்தார். பார்ப்பதை மாஸ்டரும் பார்த்தார். தலையணையை எடுத்து இன்ஸ்பெக்டர்தான் வைத்தார்.

ஆஸ்பத்திரி ஆட்கள் ஸ்ட்ரெச்சரோடு வந்தபோது தெருவே கேட்டுக்கு வெளியே நின்றது. டைலர் அக்கா வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். கடைக்காரர் யாரையும் பார்க்காமல் தரையைப் பார்த்தார்.

"இடது பக்கம் ரொம்ப நேரம் வேணாம், அங்க புண்ணு ஆறிட்டு வருது" என்று மாஸ்டர் ஸ்ட்ரெச்சர் கூடவே நடந்தார். "பால் வெதுவெதுப்பா இருக்கணும். திருப்பறப்ப கொஞ்சம் பேச்சுக் குடுத்தா பயப்பட மாட்டாங்க."

"சரி சார், சரி சார்" என்றார்கள் அவர்கள், கதவைச் சாத்தும் அவசரத்தில்.

"ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை" என்று மூடிய கதவிடம் சொன்னார் மாஸ்டர். அப்புறம் தானே போய் ஜீப்பில் ஏறினார்.

பிளம்பரை விடுவதற்கு மறுநாள் மதியமாகிவிட்டது. அவன் சாமான்களை ஒரு கவரிலிருந்து மேசையில் கொட்டினார்கள். சாவி, சீப்பு, சின்னதாக ஒரு ரப்பர் வாஷர். அவன் வாஷரை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தான்.

"நான் சொன்னேன்ல மேடம்" என்றான். கோபமாகக்கூட இல்லை.

"சொன்னீங்க" என்றார் இன்ஸ்பெக்டர். "எங்க மேல தப்புதான். மன்னிச்சிடுங்க தம்பி."

போலீஸ்காரர்கள் அப்படிச் சொல்லி அவன் கேட்டதில்லை போலிருக்கிறது. என்ன செய்வது என்று தெரியாமல் வாஷரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். "அந்தக் குழாய் இன்னும் சொட்டுதா?"

"சொட்டுது."

"சிஸ்டர் ரொம்ப நாளாக் கூப்பிட்டாங்க. நான்தான் இழுத்தடிச்சேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போனான். மரத்தடியில் அவள் எழுந்து நின்றாள். இந்தத் தடவை உட்காரவில்லை. பாட்டிலை அவனிடம் நீட்டினாள். அவன் நின்ற இடத்திலேயே முழுத் தண்ணீரையும் குடித்து முடித்தான்.

இன்ஸ்பெக்டர் வீட்டுக்குப் போனபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. கணவர் வாசலிலேயே நின்றார்.

"நல்லவேளை வந்த. கை குடு, தனியா முடியல இன்னைக்கு."

யூனிஃபார்மோடு உள்ளே போனார். மாமியாரைப் புரட்டினார்கள். கணவர் முதுகுக்குப் போர்வையைச் சுருட்டி வைத்தார். இன்ஸ்பெக்டர் தலையணையை எடுத்தவர், கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"என்ன? வை" என்றார் கணவர்.

"நம்மால முடியலைல்ல?" என்றார் இன்ஸ்பெக்டர்.

கணவர் நிமிர்ந்து பார்த்தார். கட்டில் ஓரத்தில் மெதுவாக உட்கார்ந்தார்.

"முடியல" என்றார்.

"யாராவது ஆள் வைக்கலாம். உன் தம்பியையும் கூப்பிட்டுப் பேசு. வெக்கப்படாத."

"பேசறேன்."

"இன்னைக்கே பேசு."

மாமியார் தூக்கத்தில் ஏதோ முனகினார். இன்ஸ்பெக்டர் குனிந்து, மேல்காலைத் தூக்கி, முட்டிகளுக்கு நடுவில் தலையணையை வைத்தார்.